'அனுப்பத்தானே செஞ்சேன்' என்கிற மகனுக்கு என்ன கற்றுத்தருவது?

கடிதம் எழுதியிருப்பவர் ஒரு தாய். மகனுக்கு 15 வயது, மகளுக்கு 11. மூன்று வாரங்களுக்கு முன் மகனுடைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு ஒருவரின் புகைப்படம் வந்திருக்கிறது. கூடவே, 'இவன் பிள்ளை பிடிக்கிறவன், பார்த்தால் விடாதீர்கள்' என்று ஒரு குரல்பதிவு. மகன் இரண்டையும் வேறு மூன்று குழுக்களுக்கு அனுப்பியிருக்கிறான். படத்தில் இருந்தவர் அந்தப் பகுதிக்கு வேலைக்கு வந்துபோகிற சாதாரண மனிதர். மறுநாள் சிலர் அவரைத் தெருவில் மடக்கி அடித்திருக்கிறார்கள். காவல்துறை வந்து விசாரித்து, அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வருவதே இல்லை.

பள்ளியிலிருந்து பெற்றோரை அழைத்துப் பேசியிருக்கிறார்கள். அப்பா அன்றே மகனின் கைபேசியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். மகன் முதலில் சொன்னது: "நான் எழுதலையே, வந்ததை அனுப்பத்தானே செஞ்சேன்? தாத்தா தினமும் அனுப்புறாரே, அவரை ஏன் யாரும் கேக்கல?" இப்போது வேறு மாதிரி பேசுகிறானாம்: "எல்லாமே பொய்தான். டிவியும் பொய், பேப்பரும் பொய்." ஒரே ஒரு யூடியூபர் மட்டும் உண்மை பேசுகிறார் என்கிறான். அந்தத் தாயின் கேள்விகள் இவை: 18 வயது வரை கைபேசியே தராமல் இருந்துவிடலாமா? தந்தால், அவனுக்குத் தெரியாமல் கண்காணிப்புச் செயலி போடலாமா? 'இணையத்தில் வருவது எதையும் நம்பாதே' என்று சொல்லி வளர்ப்பதுதான் பாதுகாப்பா? சட்டச் சிக்கல் வருமா? செயற்கை நுண்ணறிவு (ஏஐ) உருவாக்கும் படங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மகனைப் பற்றிய கவலை நிறைய இருக்கிறது. அடிபட்ட அந்த மனிதரைப் பற்றிச் சில வரிகள்தான் இருக்கின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தாய்க்கு முதலில் தன் பிள்ளைதான் கண்ணில் படும். ஆனால் உங்கள் மகனுக்கு ஊடக அறிவு என்று எதைக் கற்றுத்தர நினைத்தாலும் அது அந்த மனிதரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் நீங்கள் கேட்காத ஒன்றுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

அனுப்பியதைத் திருத்துவது

மகன் அந்தச் செய்தியை நீக்கிவிட்டான், அதோடு முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். முடியவில்லை. 'அனைவருக்கும் நீக்கு' என்ற வசதி வாட்ஸ்அப்பில் இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரைதான் வேலை செய்யும். அவன் அனுப்பியதை மற்றவர்கள் வேறு குழுக்களுக்குக் கடத்தியிருந்தால், அந்தப் பிரதிகளை அவனால் தொடவே முடியாது. அந்த மூன்று குழுக்களிலும் இருக்கிற பலர் இன்றும் அந்த மனிதரைப் பிள்ளை பிடிப்பவர் என்றே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் செயலியில் செய்திகள் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே தெரியும்படி பூட்டப்பட்டவை. குழுவுக்குள் என்ன ஓடுகிறது என்று நிறுவனத்துக்கும் தெரியாது, உண்மை சரிபார்ப்பவர்களுக்கும் தெரியாது. வெளியிலிருந்து யாரும் வந்து திருத்த வழியில்லை. உள்ளே இருப்பவர்தான் திருத்த முடியும். அதாவது, இந்த வேலையைச் செய்யக்கூடிய இடத்தில் உங்கள் மகன் இருக்கிறான்.

அவன் எழுதக்கூடிய செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: 'இந்தக் குழுவில் நான் அனுப்பிய படத்தில் இருப்பவர் எந்தக் குற்றமும் செய்யாதவர். காவல்துறை விசாரித்து அதை உறுதிசெய்திருக்கிறது. நான் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன். நீங்கள் யாருக்காவது அனுப்பியிருந்தால் தயவுசெய்து அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள், படத்தை நீக்கிவிடுங்கள்.' இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். உண்மை முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. பழைய குற்றச்சாட்டு திரும்பச் சொல்லப்படவில்லை, படமும் மறுபடி ஒட்டப்படவில்லை. ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மைபோலத் தோன்றத் தொடங்கிவிடும் என்பதை உளவியலாளர்கள் 1977-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். மறுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பொய்யை இன்னொரு தடவை ஊருக்குச் சொல்லிவிடக் கூடாது.

ஆனால் எதையும் எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். அந்த மனிதர் புகார் கொடுத்திருக்கிறாரா, வழக்கு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. 'நான் எழுதவில்லை, அனுப்பினேன்' என்பது பல நாடுகளின் அவதூறுச் சட்டத்தில் தப்பிக்கும் வழி அல்ல. பொய்யான குற்றச்சாட்டைப் பரப்புவதும் தவறாகவே பார்க்கப்படும். 18 வயதுக்குக் குறைந்தவர்களைச் சட்டம் பொதுவாக வேறு விதமாக நடத்தும் என்றாலும், உங்கள் நாட்டில் எப்படி என்பதை அங்குள்ள வழக்கறிஞர்தான் சொல்ல முடியும். கைபேசியில் மிச்சமிருக்கும் செய்திகளை இனி அழிக்காதீர்கள். தனக்கு அது எங்கிருந்து வந்தது என்பதற்கு மகனிடம் இருக்கும் ஆதாரமே அதுதான்.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டுமா என்றால், அவசரப்பட வேண்டாம். அடிபட்டவருக்கு உங்களைப் பார்க்கப் பிடிக்காமல் இருக்கலாம். அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலமாகவோ பள்ளி மூலமாகவோ கேட்டுப் பாருங்கள். சந்திப்பதா, கடிதம் போதுமா, எதுவுமே வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

அவன் ஏன் அனுப்பினான்

அவன் கெட்ட எண்ணத்தோடு அனுப்பவில்லை என்று நீங்கள் அழுத்தி எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படியே நம்புகிறேன். 11 வயதுத் தங்கை இருக்கிற வீடு அது. பிள்ளை பிடிக்கிறவர் என்றதும் அவன் மனதில் முதலில் அவள்தான் வந்திருப்பாள். இந்த வகை வதந்திகள் அந்த அன்பையும் பயத்தையும் பிடித்துக்கொண்டுதான் பயணிக்கின்றன. 2018-ல் இந்தியாவின் பல மாநிலங்களில் இதே வதந்தியால் ஒன்றுமறியாதவர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மெக்சிகோவின் ஒரு சிற்றூரில் இரண்டு பேரைக் கூட்டம் உயிரோடு எரித்தது. 2019 மார்ச்சில் பாரிஸின் புறநகரில் ரோமா என்ற சிறுபான்மை இன மக்கள் தாக்கப்பட்டதும் பிள்ளை கடத்துகிறார்கள் என்ற பொய்யால்தான். எல்லா இடத்திலும் அனுப்பியவர்களில் பெரும்பாலோர் நாம் ஊரைக் காப்பாற்றுகிறோம் என்றே நினைத்திருப்பார்கள்.

இதை மகனிடம் சொல்லுங்கள். பயமுறுத்த அல்ல, நல்ல எண்ணம் இருந்தால் மட்டும் போதாது என்று அவனுக்குப் புரிய இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. நீங்கள் சொன்னபடி உங்கள் பகுதியில் அந்த மனிதர் அடி வாங்கியதோடு உயிர் தப்பியது, காவல்துறை நேரத்துக்கு வந்ததால்தான்.

பொய் வேகமாகப் பரவுவதற்கு இயந்திரக் கணக்குகள், அதாவது மனிதர் இல்லாமல் தானாக இயங்கும் கணக்குகள்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய ஏறக்குறைய 1,26,000 செய்திகளைப் பின்தொடர்ந்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு செய்யப்படும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகமாக இருந்தது. இயந்திரக் கணக்குகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தாலும் அதே கதைதான். பரப்பியவர்கள் மனிதர்கள். புதுசாக இருந்தது, அதிர்ச்சியாக இருந்தது, அதனால் அனுப்பினார்கள்.

அந்த நேரத்தில் 'இது உண்மையா' என்ற கேள்வியே மனதில் எழுவதில்லை என்பதுதான் முக்கியம். 2021-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், துல்லியம் முக்கியமா என்று கேட்டால் முக்கியம் என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். பகிரும்போது மட்டும் கவனம் வேறெங்கோ இருந்தது. சம்பந்தமே இல்லாத ஒரு தலைப்பைக் காட்டி 'இது சரியாக இருக்குமா' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டதற்கே, அதன் பிறகு அவர்கள் பகிர்ந்தவற்றின் தரம் கூடியது. இத்துடன் 15 வயதையும் சேர்த்துப் பாருங்கள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வயதுப் பிள்ளைகள் தனியாக இருப்பதைவிட அதிகமாக ஆபத்தில் இறங்குகிறார்கள் என்பது நன்றாக நிறுவப்பட்ட ஒன்று. வகுப்புக் குழுவில் நண்பர்கள் எப்போதுமே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே அவனுக்கு மூளை இல்லையா, இத்தனை படித்தும் புத்தி வரவில்லையா என்ற பேச்சை வீட்டில் நிறுத்திவிடுங்கள். குறை அறிவில் இல்லை. விரல் படத்தைத் தொடுவதற்கும் அனுப்புவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இல்லாமல் போனதுதான் குறை. அந்த இடைவெளியைப் பழக்க முடியும்.

பூட்டி வைப்பதும் ஒளிந்து பார்ப்பதும்

18 வயது வரை கைபேசியே வேண்டாம் என்கிறார் உங்கள் கணவர். அவருடைய கோபம் புரிகிறது. சில வாரங்கள் தராமல் இருப்பதில் தவறும் இல்லை. ஆனால் மூன்று வருடம் பூட்டி வைத்தால், 18-வது பிறந்தநாள் அன்று எந்தப் பழக்கமும் இல்லாத ஒருவன் கையில், யாருடைய துணையும் இல்லாமல், அதே கருவி வந்து சேரும். இப்போது அவன் தவறு செய்தால் பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அப்போது இருப்பீர்களா? அதற்கு நடுவிலும் நண்பன் கைபேசியில் அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பான். பார்த்ததை உங்களிடம் சொல்ல மாட்டான், அவ்வளவுதான் மாறும்.

ரகசியக் கண்காணிப்புச் செயலியை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமைகளுக்கான உடன்படிக்கை, குழந்தைக்கும் தனியுரிமை உண்டு என்று 16-வது பிரிவில் சொல்கிறது. பலதரப்பட்ட தகவல்களைப் பெறும் உரிமை 17-வது பிரிவில் இருக்கிறது. அதே உடன்படிக்கையின் 5-வது பிரிவு, பிள்ளையின் வளர்ச்சிக்கு ஏற்ப வழிநடத்தும் பொறுப்பும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு என்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்து, அவனோடு பேசி வைத்த விதிகள் வழிநடத்தல். அவனுக்குத் தெரியாமல் அவன் செய்திகளைப் படிப்பது வேவு. ஒருநாள் அவனுக்குத் தெரியவரும். அன்றைக்கு அவன் கற்றுக்கொள்வது இன்னொரு கணக்கை எப்படித் தொடங்குவது என்பதைத்தான்.

உயிருக்கு ஆபத்து, பெரியவர் ஒருவர் அவனை மிரட்டுகிறார் அல்லது பாலியல் ரீதியாக நெருங்குகிறார் என்ற வலுவான சந்தேகம் இருந்தால் கதை வேறு. அப்போது பார்க்கத்தான் வேண்டும். உங்கள் வீட்டில் இப்போது அந்த நிலை இல்லை.

கைபேசியைத் திருப்பித் தரும்போது கூடவே சில விதிகளைத் தரலாம். படுக்கையறையில் இரவில் கைபேசி இல்லை. பெயரோ முகமோ தெரிகிற ஒருவரைப் பற்றிய குற்றச்சாட்டு எதையும், யார் அனுப்பினாலும், முதலில் வீட்டில் ஒரு பெரியவரிடம் காட்டாமல் அனுப்புவதில்லை. தவறாக ஏதாவது அனுப்பிவிட்டால் உடனே வந்து சொன்னால் தண்டனை கிடையாது. இந்தக் கடைசி விதியை அப்பாவும் ஒப்புக்கொள்ள வேண்டும், காப்பாற்றவும் வேண்டும். அன்று படத்தை அனுப்பிய ஒரு மணி நேரத்துக்குள் அவன் சந்தேகப்பட்டிருந்தாலும், உங்களிடம் வந்து சொல்லியிருப்பானா என்று யோசித்துப் பாருங்கள்.

'எதையும் நம்பாதே' என்பது பாதுகாப்பு அல்ல

உங்கள் கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். எல்லாம் பொய் என்று அவன் சொல்வதைக் கேட்டு நீங்கள் பாதி நிம்மதி அடைந்திருப்பது எழுத்திலேயே தெரிகிறது: 'இனிமேலாவது ஏமாற மாட்டான்' என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மறுக்க வேண்டியிருக்கிறது. எதையும் நம்பாதவன் அப்படியே நிற்பதில்லை; தன் மனதுக்குப் பிடித்த ஒருவரை மட்டும் நம்பத் தொடங்குகிறான். அந்த யூடியூபர் விஷயத்தில் அது நடந்தும்விட்டது.

சந்தேகத்தை விதைப்பதே ஒரு ஏமாற்று உத்தி. புகைபிடித்தால் புற்றுநோய் வரும் என்பதற்கான ஆதாரங்கள் குவிந்துகொண்டிருந்த காலத்தில், 1969-ல், அமெரிக்க சிகரெட் நிறுவனம் ஒன்றின் உள் குறிப்பு ஒன்றில் 'சந்தேகம்தான் நமது சரக்கு' என்றே எழுதி வைத்தார்கள். சிகரெட் நல்லது என்று யாரையும் நம்ப வைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. மருத்துவர்களும் சொல்கிறார்கள், மறுப்பவர்களும் சொல்கிறார்கள், யாருக்குத் தெரியும் என்று மக்கள் கையை விரித்தால் போதும். இன்றும் அதே வேலை நடக்கிறது. உண்மையான காணொலி ஒன்றில் மாட்டிக்கொண்டவர் 'அது ஏஐ செய்தது' என்று சொல்லித் தப்ப முடிகிறது. எல்லாம் பொய் என்று நம்புகிற கூட்டம் இருந்தால் அவருக்கு இன்னும் வசதி.

அதனால் மகனுக்குச் சந்தேகத்தைக் கற்றுத்தராதீர்கள். எதை, எந்த அளவுக்கு, ஏன் நம்பலாம் என்பதைக் கற்றுத்தாருங்கள். செய்தித்தாளிலும் தவறு வருகிறது என்று அவன் சொன்னால், ஆமாம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தவறு தெரிந்ததும் அவர்கள் என்ன செய்தார்கள் என்று சேர்ந்து தேடுங்கள். திருத்தம் வெளியிட்டார்களா? எழுதியவர் பெயர் இருக்கிறதா? யாரிடம் முறையிடலாம் என்று போட்டிருக்கிறதா? தவறிழைப்பதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல என்பது அப்போது அவனுக்கே தெரியும். திருத்தமே வெளியிடாத, முறையிட இடமே தராத செய்தி நிறுவனங்களும் இருக்கின்றன. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்த யூடியூபருக்கும் அதே கேள்விகளை வைக்கலாம். 'அந்த ஆள் ஒரு மோசடி' என்று நீங்கள் தொடங்கினால் அவன் கதவைச் சாத்திக்கொள்வான். ஒரு காணொலியை அவனோடு உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள், குறுக்கே பேசாதீர்கள். முடிந்ததும், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேளுங்கள்: இவர் எப்போதாவது 'நான் சொன்னது தவறு' என்று சொல்லியிருக்கிறாரா? இவர் சொல்வதை வேறு யார் உறுதிசெய்கிறார்கள்? இவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது, பார்ப்பவர் கோபப்பட்டால் அது கூடுமா குறையுமா? பதில் உடனே வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒருவேளை அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். அப்படியானால் அதை ஒப்புக்கொள்ளவும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் இது விசாரணை ஆகிவிடும்.

எதைப் பழக்குவது

பிள்ளைகள் இந்தத் தலைமுறை, கணினியோடு பிறந்தவர்கள், நமக்கே அவர்கள்தான் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உங்கள் கடிதத்திலும் இருக்கிறது. கருவியை இயக்கத் தெரிவது வேறு, அதில் வருவதை எடைபோடத் தெரிவது வேறு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று அமெரிக்காவில் 3,446 உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டது. அதில் ஒரு மங்கலான காணொலி. 2016-ல் அமெரிக்கக் கட்சி ஒன்று தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்திய உட்தேர்தலில் வாக்குப்பெட்டியில் கள்ள ஓட்டு திணிக்கப்படுவதாக அதன்மேல் எழுதியிருந்தது. உண்மையில் அது ரஷ்யாவில் எடுத்தது. மாணவர்கள் கையில் இணைய இணைப்பும் இருந்தது. 52 சதவீதம் பேர் அதை வலுவான ஆதாரம் என்றார்கள். காணொலி எங்கிருந்து வந்தது என்று தேடிக் கண்டுபிடித்தவர்கள் மூன்றே மூன்று மாணவர்கள்.

மற்றவர்கள் எல்லாம் என்ன செய்தார்கள்? காணொலியையே உற்று உற்றுப் பார்த்தார்கள். பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் வேறொரு சோதனையில் வரலாற்றுப் பேராசிரியர்களையும், தங்கள் மாணவர்களையும், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்களையும் ஒரே இணையப் பக்கங்களோடு உட்கார வைத்தார்கள். படித்த பேராசிரியர்கள்கூடப் பக்கத்தின் அழகான வடிவமைப்பிலும் சின்னத்திலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, இதை நடத்துவது யார், இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான்.

உங்கள் மகன் ஒன்றே ஒன்று கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளட்டும்: சந்தேகமான ஒன்றைப் பார்த்தால் அதையே முறைத்துக்கொண்டிருக்காமல், அதை விட்டு வெளியே வந்து தேடுவது. படமென்றால், படத்தை வைத்தே தேட உதவும் கூகுள் லென்ஸிலோ டின்ஐ தளத்திலோ போட்டுப் பார்த்தால், அது முன்பு எங்கெல்லாம் வெளியானது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். போன வருடப் படத்துக்கு இன்றைய தேதி போட்டு அனுப்புவதுதான் மிகச் சுலபமான ஏமாற்று, அதிகம் நடப்பதும் அதுவே. செய்தியென்றால் அதன் முக்கியச் சொற்களைத் தேடி, வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கலாம். ஏஐ அரட்டைச் செயலியிடம் கேட்டால் அது சொல்லும் பதிலும் தவறாக இருக்கக்கூடும். அது காட்டும் மூலத்தைத் திறந்து படித்தால்தான் கணக்கு.

ஏஐ படங்களைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் பதில் இதுதான். விரலை எண்ணிப் பார், காதைப் பார் என்று சொல்லும் குறிப்புகள் சீக்கிரமே பழசாகிவிடுகின்றன; கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் கருவிகளும் தவறுகின்றன. படத்தின் உள்ளே தேடுவதைவிட, முதலில் வெளியிட்டது யார், அந்த இடத்தில் இருந்த வேறு யாராவது உறுதிசெய்கிறார்களா என்று வெளியே தேடுவதே நிற்கும் வழி.

அந்தக் குரல்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பேசியவர் பெயர் சொன்னாரா? எந்தத் தேதி, எந்தத் தெரு? எந்தக் காவல் நிலையம்? எதுவுமே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெயரில்லாத குரல், தேதியில்லாத சம்பவம், 'உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்ற அவசரம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கையை எடுத்துவிட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தால் அன்று போதுமாயிருந்திருக்கும். இரட்டை அம்புக்குறி இருந்ததா என்றும் பாருங்கள். பல கை மாறி வந்தது என்று செயலியே சொல்லும் அடையாளம் அது. அப்படிப்பட்ட செய்திகளை ஒரு தடவைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அதன் பிறகு அவ்வகைச் செய்திகளின் பரவல் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. நடுவில் ஒரு சின்னத் தடை வந்தாலே போதும், பல கைகள் நின்றுவிடுகின்றன.

ஏமாற்றுகிறவர்களின் உத்திகளை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதும் பலன் தருகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கெடுத்து 2018-ல் வெளியான 'பேட் நியூஸ்' என்ற இணைய விளையாட்டில், ஆடுபவரே பொய்ச் செய்தி தயாரிப்பவர் ஆகிறார். போலிப் பெயரில் எழுதுவது, பயத்தைக் கிளறுவது, இரண்டு தரப்பை மோதவிடுவது எல்லாம் அவர் கையாலேயே நடக்கும். கால் மணி நேரம் போதும், இலவசம். மகனோடு நீங்களும் ஆடிப் பாருங்கள். 11 வயதுப் பெண்ணுக்கு இது கொஞ்சம் சீக்கிரம். அவளுக்கு இப்போதைக்கு, இது செய்தியா விளம்பரமா என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் போதும். அதுவே பல பெரிய பிள்ளைகளுக்கு வருவதில்லை.

தாத்தாவின் கைபேசி

மகன் தாத்தாவைப் பற்றிக் கேட்டது தப்பிக்கும் பேச்சு என்று ஒதுக்கிவிட்டீர்கள். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2016 அமெரிக்கத் தேர்தல் காலத்தில் ஃபேஸ்புக்கில் போலிச் செய்தித் தளங்களின் இணைப்புகளை யார் பகிர்ந்தார்கள் என்று பார்த்த ஆய்வொன்று 2019-ல் வெளியானது. பெரும்பாலோர் பகிரவே இல்லை. ஆனால் சராசரியாகப் பார்த்தால், 65 வயதைத் தாண்டியவர்கள் மிக இளம் வயதுப் பிரிவினரைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு பகிர்ந்திருந்தார்கள்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் விதி இருந்தால் அந்த விதி நிற்காது. தாத்தாவிடம் நீங்களோ உங்கள் கணவரோ தனியாகப் பேசுங்கள். பேரன் முன்னால் அல்ல, குடும்பக் குழுவிலும் அல்ல. மரியாதையோடு, 'இது யார் அனுப்புனது, எங்க இருந்து வந்துதுன்னு ஒருதடவை பாத்துடலாமா' என்று கேட்டால் பல பெரியவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். மகனைக் குடும்பத்தின் உண்மை சரிபார்ப்பாளர் ஆக்கிவிடாதீர்கள். பெரியவர்களைத் திருத்தும் சுமை 15 வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். ஆனால் தாத்தாவே ஒருநாள் அவனைக் கூப்பிட்டு ஒரு படத்தைத் தேடிக் காட்டச் சொன்னால், தடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, நண்பர்களோடு பேசுவதில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 'எல்லாமே பொய்' என்ற அவன் கோபத்துக்குக் கீழே குற்ற உணர்ச்சி இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மனிதர் அடிபட்டார், அதில் தன் கையும் இருக்கிறது என்பது அந்த வயதுக்குப் பெரிய பாரம். குழுக்களில் திருத்தம் அனுப்புவது அதைக் கொஞ்சம் இறக்கிவைக்கும். அதற்குப் பிறகும் இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை என்றால், அல்லது தன்னையே வெறுத்துப் பேசுகிறான் என்றால், பள்ளியில் இருக்கும் ஆலோசகரிடமோ ஒரு மனநல மருத்துவரிடமோ நேரில் அழைத்துப் போங்கள். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அன்றே போய்விடுங்கள், அவனைத் தனியாகவும் விடாதீர்கள்.